ஆளுமைத் தேர்வும் நம் பிள்ளைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்கில் இடைநிலைப்பள்ளி மாணவர்களோடும் வேலை தேடும் இளையோரோடும் உட்கார்ந்து பேசுவது என் வேலை. ஆளுமைத் தேர்வு முடிவைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளைகளும் பெற்றோரும், ஆய்வுக்கட்டுரை எழுதும் பல்கலைக்கழக மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஆளுமைத் தேர்வு என்று எதைச் சொல்கிறீர்கள்? எங்கள் பிள்ளை எங்கே அதை எழுத வேண்டிவரும்?

"புதியவர்களோடு எளிதில் பழகுவேன்", "எடுத்த வேலையைக் கடைசிவரை முடிப்பேன்", "சின்ன விஷயத்துக்கும் கவலைப்படுவேன்" என்பதுபோல வரிசையாக வாக்கியங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் உங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று 1 முதல் 5 வரை ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி, நீங்கள் இத்தகையவர் என்று ஒரு தாள் வரும்.

பள்ளி வழிகாட்டல் அறையிலேயே இது தொடங்கிவிடுகிறது. ஆசிரியர் கல்விப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிப்பவர்கள் எழுதும் மெட்சி தேர்வில் ஆளுமைப் பகுதி உண்டு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளிலும் கோலாலம்பூர் அலுவலகங்களிலும், நேர்முகத்துக்குக் கூப்பிடும் முன்பே இணையத்தில் ஒரு தேர்வை எழுதச் சொல்லும் நிறுவனங்கள் இருக்கின்றன.

பண்பாட்டுச் சாய்வு என்றால் என்ன? நம்மை ஒதுக்கவேண்டும் என்றே யாரோ கேள்வி எழுதினார்களா?

இல்லை. பெரும்பாலும் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஓர் ஊரில், ஒரு வகை மக்களைக் கவனித்து, அவர்கள் வாழ்க்கைக்கு ஏற்றபடி எழுதிய கேள்விகளை மனித குலத்துக்கே பொதுவானவை என்று எடுத்துக்கொண்டதில்தான் சிக்கல். யாரைக் கவனித்தார்கள் என்பதிலும், எதை நல்ல குணம் என்று முன்கூட்டியே முடிவு செய்தார்கள் என்பதிலும், எண்ணை வட்டமிடும் பழக்கம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று நம்பியதிலும் சாய்வு நுழைந்துவிடுகிறது. கெட்ட எண்ணம் இல்லை என்பதால் பாதிப்பு குறையாது. வேலை கைநழுவிப்போன பிள்ளைக்கு எப்படியிருந்தாலும் இழப்பு இழப்புதான்.

இந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தன?

1936-இல் கோர்டன் ஆல்போர்ட், ஹென்றி ஓட்பெர்ட் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு பெரிய ஆங்கில அகராதியை முழுக்கப் புரட்டி, மனிதரை வர்ணிக்கும் சொற்களைப் பொறுக்கி எடுத்தார்கள். ஏறக்குறைய 18,000 சொற்கள் தேறின. முக்கியமான குணம் எதுவானாலும் அதற்கு மொழியில் ஒரு சொல் இருக்கும் என்பது அவர்களின் நம்பிக்கை. பின்னால் வந்தவர்கள் அந்தப் பட்டியலைச் சுருக்கிச் சுருக்கி, புள்ளியியல் முறையில் தொகுத்து, ஐந்து பெரும் பண்புகளில் வந்து நின்றார்கள்: புறமுகத்தன்மை (பிறரோடு கலகலப்பாகப் பழகுவது), இணக்கம், பொறுப்புணர்வு, மனக்கலக்கம், புதுமை நாட்டம். பால் கோஸ்டாவும் ராபர்ட் மெக்ரேயும் 1992-இல் வெளியிட்ட திருத்திய கேள்வித்தாளில் 240 வாக்கியங்கள் உள்ளன. இன்று உலகெங்கும் ஆய்வாளர்கள் அதிகம் நம்பியிருப்பது இந்த ஐந்து பண்புகளைத்தான்.

மனநோயைக் கண்டறிய மருத்துவமனைகளில் புழங்கும் மின்னசோட்டா கேள்வித்தாளின் பிறப்பு இன்னும் தெளிவாகப் பேசும். அது 1943-இல் வெளிவந்தது. நோயில்லாத சாதாரண மனிதர் என்று அதில் வைத்துக்கொண்டது 724 பேரை. மின்னசோட்டா பல்கலைக்கழக மருத்துவமனையில் படுத்திருந்தவர்களைப் பார்க்க வந்த உறவினரும் நண்பர்களும்தான் அந்த 724 பேர். ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர். பெரும்பாலும் எட்டாம் வகுப்புப் படிப்போடு நின்ற கிராமத்து, சிற்றூர் மக்கள். 1989-இல் புதிய பதிப்பு வரும்வரை, அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஒருவருக்கு மனநோய் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்கும் இவர்களே அளவாக இருந்தார்கள்.

நிலைமை அப்புறம் பெரிதாக மாறிவிடவும் இல்லை. 2008-இல் ஜெஃப்ரி ஆர்னெட் என்பவர் அமெரிக்க உளவியல் சங்கத்தின் முன்னணி இதழ்கள் ஆறில் 2003 முதல் 2007 வரை வந்த ஆய்வுகளைக் கணக்கெடுத்தார். ஆய்வுக்கு உட்பட்டவர்களில் 68 விழுக்காட்டினர் அமெரிக்கர். மற்ற மேற்கத்திய தொழில்வள நாடுகளையும் சேர்த்தால் 96 விழுக்காடு. ஆளுமை ஆய்வுகள் வரும் முக்கிய இதழில், அமெரிக்க ஆய்வுகளில் 67 விழுக்காடு உளவியல் படிக்கும் இளங்கலை மாணவர்களை மட்டுமே வைத்துச் செய்யப்பட்டவை. இரண்டு ஆண்டு கழித்து ஜோசஃப் ஹென்ரிக், ஸ்டீவன் ஹைன், ஆரா நோரன்சாயன் மூவரும் ஒரு நீண்ட கட்டுரையில் இன்னொன்றையும் காட்டினார்கள். மேற்கத்திய, படித்த, வசதியான இந்த மக்கள் மனித குலத்தின் நடுவில் இல்லை; பல விஷயங்களில் அவர்கள்தான் ஓரத்தில் நிற்கிறார்கள்.

ஆனால் ஐந்து பண்புகளும் உலகம் முழுக்கப் பொருந்தும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறதே?

இருக்கிறது, அதற்குச் சான்றும் உண்டு. அதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை. மெக்ரேயும் கோஸ்டாவும் 1997-இல் ஜெர்மன், போர்த்துகீசியம், ஹீப்ரு, சீனம், கொரியன், ஜப்பானிய மொழிபெயர்ப்புகளில் அதே ஐந்து தொகுப்புகள் வருவதைக் காட்டினார்கள். 2005-இல் 50 பண்பாடுகளில் பார்த்தார்கள். பெரும்பாலான இடங்களில் அதே ஐந்து வந்தன. இங்கே கைருல் அன்வார் மஸ்தோரும் உடன் ஆய்வாளர்களும் அந்தக் கேள்வித்தாளின் மலாய்ப் பதிப்பை வைத்து 2000-இல் ஓர் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள்.

சரி, அந்த 50 பண்பாடுகளிலும் தாளை நிரப்பியவர்கள் யார்? கல்லூரி மாணவர்கள். எந்த நாட்டிலும் கல்லூரி மாணவர் தேர்வுத்தாளுக்குப் பழகியவர். "பொதுவாக நான் எப்படிப்பட்டவன்" என்று தன்னைத் தள்ளி நின்று பார்க்கப் பள்ளியிலேயே பயின்றவர். அவர்களை விட்டு வெளியே போனால் என்ன ஆகிறது என்பதற்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்வேன்.

பொலிவியாவின் காட்டுப் பகுதியில் வேட்டையும் சிறு விவசாயமும் செய்து வாழும் சிமானே மக்களிடம் மைக்கேல் கர்வனின் குழு போனது. அவர்கள் மொழியிலேயே கேள்விகளை வாசித்துக் காட்டி 632 பேரிடம் பதில் வாங்கினார்கள். 2013-இல் வெளியான முடிவில் அந்த ஐந்து பண்புகள் கிடைக்கவில்லை. இரண்டு தொகுப்புகள்தான் ஓரளவு தெளிவாகத் தெரிந்தன: பிறரோடு கூடி உதவி வாழ்வது ஒன்று, உழைப்பு இன்னொன்று. சிறிய சமூகத்தில் உழைப்பும் உறவும் வாழ்க்கையின் இரு கால்களாக இருக்கும்போது குணங்களும் அதைச் சுற்றித் திரள்வது எனக்கு வியப்பாக இல்லை.

அடுத்தது 2019-இல் வந்தது. ரஷீத் லாஜாஜும் அவரோடு சேர்ந்தவர்களும் வருமானம் குறைந்த, நடுத்தரமான 23 நாடுகளில் நேரில் போய்ப் பேட்டி எடுத்த 94,751 பேரின் பதில்களை ஆராய்ந்தார்கள். கேள்விகள் அளக்க வேண்டியதைப் பெரும்பாலும் அளக்கவில்லை. ஆனால் அதே நாடுகளில் தாங்களே விரும்பி இணையத்தில் எழுதிய 198,356 பேரிடம் அதே வகைக் கேள்விகள் நன்றாக வேலை செய்தன. ஒரே நாட்டுக்குள் யாரிடம், எப்படிக் கேட்டார்கள் என்பதைப் பொறுத்துப் பதில் தலைகீழாகிறது. நம் ஊரில் ஒரு பேராசிரியர் கூகுள் படிவத்தைத் தன் மாணவர்களுக்கு அனுப்பிவிட்டு "மலேசியர்கள்" என்று கட்டுரை எழுதும்போது இந்த ஆய்வு என் மனசில் வந்து நிற்கும்.

என் மகனுக்கு 'புறமுகத்தன்மை குறைவு, தலைமைப் பண்பு வளரவேண்டும்' என்று வந்திருக்கிறது. கவலைப்பட வேண்டுமா?

பிறை என்ற ஊரிலிருந்து ஓர் அம்மா இதே கேள்வியோடு மகனை அழைத்துவந்தார். இடைநிலைப்பள்ளியில் படிவம் 5 முடித்த பையன். என் எதிரில் உட்கார்ந்தவன் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். விடுமுறையில் என்ன செய்கிறாய் என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் அவன் நண்பர்கள் போடும் தண்ணீர்ப் பந்தலை நடத்துவதே அவன்தான். ஐஸ் எத்தனை மணிக்கு வரவேண்டும், மோர் யார் கரைப்பது, இரவு முறைக்கு யார், காலை முறைக்கு யார், காலி கப்புகளை எங்கே கொட்டுவது என்று எல்லாம் அவன் கைப்பேசியில் இருந்தது. தன்னைவிட மூத்தவர்களைக்கூட வேலைக்கு நிறுத்தியிருந்தான். அதற்கு அவன் வைத்திருந்த வழி, மூத்த அண்ணன் ஒருவரிடம் முதலில் மெதுவாகச் சொல்லி, அவர் வாயால் மற்றவர்களுக்குச் சொல்லவைப்பது.

தேர்வுத்தாளை வாங்கிப் பார்த்தேன். "கூட்டத்தில் எல்லோர் கவனமும் என்மேல் இருப்பது எனக்குப் பிடிக்கும்" என்ற வரிக்கு 1. "குழுவில் நான்தான் முதலில் பேசுவேன்" என்பதற்கும் 1. ஏன் என்று கேட்டேன். "அண்ணன்மாரெல்லாம் இருக்கும்போது நான் முந்திக்கிட்டா நல்லாவா இருக்கும்?" என்றான்.

அந்தத் தேர்வு அளந்தது, முன்னால் போய் நிற்க ஒருவருக்கு எவ்வளவு விருப்பம் என்பதை. அதற்குத் தலைமை என்று பெயர் வைத்துவிட்டார்கள். முன்னால் நிற்பவரே தலைவர் என்ற எண்ணம் புழங்கும் இடத்தில் அந்தப் பெயர் ஓரளவு சரியாக இருக்கலாம். மூத்தவர் மரியாதைக்குள் இருந்துகொண்டே காரியம் நடத்தும் வீட்டுப் பிள்ளைக்கு அது பொருந்தாது.

மலேசியாவில் இது கூடுதலாகவே நடக்கும் என்று நினைக்கக் காரணம் உண்டு. மிஷெல் கெல்ஃபாண்டின் குழு 2011-இல் 33 நாடுகளில் சமூக விதிகள் எவ்வளவு இறுக்கமாக இருக்கின்றன என்று ஒப்பிட்டது. மிக இறுக்கமான நாடு பாகிஸ்தான், அடுத்து மலேசியா. எந்த இடத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஊரே வரையறுத்து வைத்திருக்கும்போது, ஒருவர் நடத்தையைப் பார்த்து அவர் உள்குணத்தைச் சொல்வது கடினம். வகுப்பில் கை தூக்காத பிள்ளை கூச்சப்படுகிறதா, மரியாதை காட்டுகிறதா என்று எண் சொல்லாது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். சில பிள்ளைகள் உண்மையிலேயே அமைதியானவர்கள். அவர்களுக்கும் ஒரு குறையும் இல்லை. அமைதியைக் குறையாகவும் கலகலப்பை நிறைவாகவும் எழுதிவைத்த தாள்தான் திருத்தப்பட வேண்டியது.

புதுமை நாட்டம் நம்மவர்களுக்குக் குறைவாக வருவது ஏன்?

கேள்வியைப் பாருங்கள். கலைகளில் ஆர்வம் உண்டா, கவிதை பிடிக்குமா, புதிய உணவைச் சாப்பிட்டுப் பார்ப்பீர்களா என்ற வகையில் போகும். கோயிலில் முப்பது ஆண்டாகத் தேவாரம் பாடும் ஒருவர், மார்கழியில் தினம் ஒரு புதுக் கோலம் இழுக்கும் ஒருவர், "எனக்குக் கலையெல்லாம் தெரியாதுங்க" என்று குறைந்த எண்ணை வட்டமிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பாட்டு பக்தியில் சேரும், கோலம் வீட்டு வேலையில் சேரும். கண்காட்சிக் கூடத்தில் இருப்பதுதான் கலை என்று அந்தக் கேள்வி அவர்களிடம் சொல்லிவிடுகிறது. சைவ உணவுக்காரர் புதிய உணவுக் கேள்விக்கு 1 போடுவதும் இப்படித்தான்.

தேர்வைத் தமிழில் எழுதலாமா, மலாயிலா, ஆங்கிலத்திலா? வித்தியாசம் உண்டா?

உண்டு. நைரன் ராமிரெஸ்-எஸ்பார்சா குழு 2006-இல் ஸ்பானிஷும் ஆங்கிலமும் பேசுபவர்களை இரு மொழியிலும் எழுதவைத்தது. ஆங்கிலத்தில் எழுதும்போது அவர்கள் இன்னும் கலகலப்பானவர்களாக, பொறுப்பானவர்களாகத் தங்களைக் காட்டினார்கள். பொய் சொன்னார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. மொழி மாறும்போது நினைவுக்கு வரும் இடமும் ஆட்களும் மாறுகிறார்கள். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, மலாயில் இடைநிலைப்பள்ளி முடித்து, ஆங்கிலத்தில் வேலைக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைக்கு இது தினப்படி நடக்கிறது. எந்த மொழியில் உங்களைப் பற்றி நினைத்துப் பேசுவது எளிதோ அதில் எழுதுங்கள். வாய்ப்பு இல்லை என்றால் எந்த மொழியில் எழுதினீர்கள் என்பதைத் தாளின் மேலேயே குறித்துவையுங்கள்.

எல்லாவற்றுக்கும் 3 போட்டுவிட்டேன். தப்பா?

தப்பில்லை, ஆனால் தாளில் உங்களைப் பற்றி ஒன்றும் வராது. நம்மில் பலர் நடு எண்ணைத் தேடுவது, தன்னைப் பற்றி அடித்துப் பேசக்கூடாது என்று வளர்ந்ததால். இன்னொரு பக்கம், கேள்வி கேட்பவர் பெரியவர் என்றால் எதற்கும் ஆமாம் சொல்லும் பழக்கம் உண்டு. "நான் சோம்பேறி", "நான் சுறுசுறுப்பானவன்" இரண்டுக்கும் ஆமாம் விழும். லாஜாஜ் ஆய்வில் கேள்விகள் தோற்றதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இந்த ஆமாம் போடும் பழக்கமும் ஒன்று. கவனமாக ஆராய்பவர் இதைக் கண்டுபிடித்துக் கழிக்க வழி இருக்கிறது. வேலைக்கு ஆள் எடுக்கும் அலுவலகத்தில் அவ்வளவு பொறுமை இருப்பது அரிது.

நாடு வாரியாகக் குணப் பட்டியல் போடுகிறார்களே, அதை நம்பலாமா?

மிகுந்த எச்சரிக்கையோடு. 56 நாடுகளை ஒப்பிட்டு 2007-இல் வந்த டேவிட் ஷ்மிட் குழுவின் ஆய்வில், பொறுப்புணர்வில் ஜப்பானியர் கடைசி வரிசையில் இருந்தார்கள். ரயில் ஒரு நிமிடம் தாமதமானால் மன்னிப்புக் கேட்கும் நாடு! காரணம், நாம் நம்மை அளக்கும்போது பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டுத்தான் அளக்கிறோம். சுற்றிலும் கடும் உழைப்பாளிகள் இருந்தால் நான் சுமார்தான் என்று தோன்றும். ஹைனும் உடன் ஆய்வாளர்களும் 2008-இல், ஒரு நாட்டின் பொது இடக் கடிகாரங்கள் எவ்வளவு சரியாக ஓடுகின்றன, அஞ்சல் ஊழியர் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறார் என்பவற்றோடு இந்தப் பொறுப்புணர்வு எண்களை வைத்துப் பார்த்தார்கள். மக்கள் தங்களுக்குத் தாங்களே கொடுத்துக்கொண்ட எண்கள் எதிர்த்திசையில் போயின.

'மலேசியா' என்று பட்டியலில் ஒற்றை வரி வரும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று. அதற்குள் யார் இருக்கிறார்கள்? 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி குடிமக்களில் இந்தியர் 6.7 விழுக்காடு. 200 பேரை விகிதப்படி எடுத்தால் அதில் இந்தியர் 13 பேர். அந்த 13-இல் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர் எத்தனை பேர், தமிழ் முஸ்லிம் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர்? பல ஆய்வுகளில் ஒரே பல்கலைக்கழகத்தின் மாணவர்கள்தான் இருப்பார்கள். அந்த எண்ணை எடுத்து "மலேசிய இந்தியர் இப்படி" என்று யாராவது சொன்னால் கூசாமல் மறுத்துப் பேசலாம்.

'தமிழன் சாது, மலாய்க்காரர் சோம்பேறி, சீனர் கடும் உழைப்பாளி' என்று வழிவழியாகச் சொல்வதில் ஏதும் உண்மை இருக்கும்தானே?

இந்தக் கேள்வி எனக்கு வலிக்கும், ஆனால் கேட்கப்படுவது நல்லது. இந்த வாக்கியங்களை எழுதிவைத்தவர்கள் காலனி ஆட்சியாளர்களும் தோட்ட முதலாளிகளும். சையத் ஹுசேன் அலாத்தாஸ், 1968-இல் கெராக்கான் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர், சோம்பேறி மண்ணின் மைந்தர் என்ற கட்டுக்கதையைப் பற்றி 1977-இல் ஒரு நூல் வெளியிட்டார். மலாய்க்காரர், ஜாவாக்காரர், பிலிப்பினோக்கள் மூவரையும் பற்றி ஐரோப்பியர் எழுதியவற்றைத் தோண்டி எடுத்து அவர் காட்டியது இது: சொந்த நிலமும் வயலும் இருந்த மலாய்க்காரர் தோட்டத்தில் கூலிக்கு வர மறுத்தார். வர மறுத்ததற்குச் 'சோம்பேறித்தனம்' என்று பெயர் கிடைத்தது.

நம்மவருக்குக் கிடைத்த 'சாது' என்ற பெயரும் அதே பட்டறையில் செய்யப்பட்டதுதான். தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து கங்காணி வழியாக வந்து, லயத்தில் குடியிருந்து, கடனில் கட்டுண்டு, வேலையை விட்டால் கூரையும் போய்விடும் என்ற நிலையில் இருப்பவர் தலை குனிந்து நிற்பார். அந்த நிற்றலைக் குணம் என்று எழுதிக்கொண்டார்கள். 1941-இல் என்ன நடந்தது? கிள்ளான் வட்டாரத் தோட்டத் தமிழர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி கேட்டார்கள். துரையோ கிராணியோ (தோட்ட எழுத்தர்) எதிரில் வந்தால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்தச் சொன்னார்கள். முன்னின்ற ஆர். எச். நாதன், தமிழ் நேசன் நாளிதழில் துணையாசிரியராக இருந்தவர், கைது செய்யப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஒரு தலைமுறைக்கு 'சாது' என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் இவர்களேதான்.

ஆளுமை ஆய்வு இன்றும் இதே இடத்தில் சறுக்குகிறது. சூழ்நிலை செய்வதை ஆள் செய்வதாக எழுதிவிடுகிறது. ஜோன் மில்லர் 1984-இல் சிகாகோ அமெரிக்கர்களையும் மைசூர் இந்துக்களையும் ஒப்பிட்டார். தெரிந்த ஒருவர் செய்த காரியத்துக்குக் காரணம் சொல்லச் சொன்னபோது அமெரிக்கப் பெரியவர்கள் அவர் குணத்தைச் சொன்னார்கள். மைசூர்ப் பெரியவர்கள் அவருடைய கடமை, உறவு, நேர்ந்த நிலைமை ஆகியவற்றை அதிகம் சொன்னார்கள். "அவன் என்ன பண்ணுவான், நிலைமை அப்படி" என்று நம் வீடுகளில் பேசுவது ஆராய்ச்சிக்குத் தேவையான ஒரு பார்வை.

நம் மரபிலேயே சத்துவம், ராஜசம், தாமசம் என்று முக்குணம் இருக்கிறதே. அதை வைத்து அளக்கலாமே?

இந்திய ஆய்வாளர்கள் முக்குணத்தை வைத்துக் கேள்வித்தாள் செய்திருக்கிறார்கள். எனக்கு இதில் தயக்கம் உண்டு. சத்துவம் மேல், தாமசம் கீழ் என்று அதில் முன்கூட்டியே ஒரு படிநிலை இருக்கிறது. அளவுகோலுக்கு அது ஆகாது. தமிழ் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் அதில் தங்களைக் காண்பார்களா என்பதும் கேள்வி. பழையது, நம்முடையது என்பதற்காக ஒன்று தேர்வில்லாமல் தேறிவிடக்கூடாது. வெளியிலிருந்து வந்ததை எப்படிச் சோதிக்கிறோமோ அப்படியே இதையும் சோதிக்க வேண்டும்.

வேறு யாராவது தங்கள் மக்களிடமிருந்தே தொடங்கி அளவுகோல் செய்திருக்கிறார்களா?

செய்திருக்கிறார்கள், நன்றாகவே. ஹாங்காங்கில் ஃபேனி சியுங் 1990-களில் சீன ஆளுமைக் கேள்வித்தாளை உருவாக்கினார். முகம் காப்பது, உறவில் இணக்கம், செய்த உதவிக்குத் திருப்பிச் செய்வது ஆகியவை சேர்ந்த ஒரு தொகுப்பு அதில் கிடைத்தது. ஐந்து பண்புகளில் எதற்குள்ளும் அது அடங்கவில்லை. பிறகு சீனர் அல்லாதவர்களிடமும் அது தென்பட்டதால் கேள்வித்தாளின் பெயரையே பண்பாடுகளுக்குப் பொதுவானது என்று மாற்றினார்கள். மேற்கிலிருந்து கிழக்குக்கு மட்டுமே அறிவு போகவேண்டும் என்பதில்லை என்று காட்டியதால் இந்த வேலையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பிலிப்பைன்ஸில் விர்ஜிலியோ என்ரிக்கெஸ் 1970-களில், தன்னையும் பிறரையும் பிரிக்காமல் பார்க்கும் உணர்விலிருந்து பிலிப்பினோ உளவியலைக் கட்டத் தொடங்கினார். தென்னாப்பிரிக்காவில் அப்போதிருந்த 11 ஆட்சி மொழிகளிலும் 1,200-க்கு மேற்பட்டோரிடம் "உங்களுக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டு, கிடைத்த வர்ணனைகளிலிருந்து ஒரு பொது அளவுகோலை உருவாக்கினார்கள். பல மொழி, பல இனம், பழைய காயங்கள் உள்ள நாடு அது. மலேசியாவுக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

நான்கு எழுத்துப் பிரிவு சொல்லும் எம்பிடிஐ (மையர்ஸ்-பிரிக்ஸ்) ஆளுமைத் தேர்வு எப்படி?

பொழுதுபோக்காகப் பேசிக்கொள்ளுங்கள். சில வாரம் கழித்து எழுதினால் பலருக்கு வேறு பிரிவு வருகிறது. அதை வைத்து ஒருவருக்கு வேலை கொடுப்பதோ மறுப்பதோ சரியில்லை.

வேலைக்கு விண்ணப்பித்த நிறுவனம் தேர்வு எழுதச் சொல்கிறது. என்ன செய்வது?

எழுதுங்கள், மறுக்கத் தேவையில்லை. ஒவ்வொரு வாக்கியத்தின் முன்னாலும் "வேலை செய்யும் இடத்தில்" என்று மனசுக்குள் சேர்த்துப் படியுங்கள். தாத்தா முன்னால் நீங்கள் எப்படி என்பதை நிறுவனம் கேட்கவில்லை; உடன் வேலை செய்பவர்கள் முன்னால் எப்படி என்பதையே கேட்கிறது. இப்படி இடத்தைக் குறிப்பிட்டுக் கேட்கும் கேள்விகள் வேலைத்திறனை இன்னும் நன்றாகக் கணிப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. பகுதிநேர வேலை, கோயில் வேலை, பள்ளி விளையாட்டுக் குழு என்று நீங்கள் நிஜமாகச் செய்த ஒன்றை நினைத்துக்கொண்டு பதில் போடுங்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் உணவகத்தில் கல்லாவில் நின்ற பெண், "புதியவர்களோடு பேசுவேன்" என்பதற்கு உறவினர் கல்யாணத்தை நினைத்து 2 போட்டாள். ஒரு நாளில் நூறு வாடிக்கையாளரோடு பேசியது அவளுக்கு நினைவில் வரவே இல்லை.

முடிவு வந்ததும் அதைப் பற்றிப் பேசக் கேளுங்கள். எந்த மக்களோடு ஒப்பிட்டு இந்த எண்ணைச் சொல்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை. விளக்குபவர் 1998 கவுன்சலர் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவரா என்றும் விசாரிக்கலாம். தேர்வு முடிவு ஒன்றை மட்டும் காரணமாகக் காட்டி உங்களைத் தள்ளிவிடும் இடம் உங்களைச் சரியாகப் பார்க்கவில்லை என்றே நான் சொல்வேன்.

பல்கலைக்கழக ஆய்வுக்கு ஆளுமையைத் தலைப்பாக எடுத்திருக்கிறேன். தமிழர்களிடம் செய்ய ஆசை. எங்கே தொடங்க?

கேள்வித்தாளை மொழிபெயர்ப்பதில் தொடங்காதீர்கள். கோலாலம்பூரில் செந்தூலிலோ, இங்கே பட்டர்வொர்த்திலோ, வயது, தொழில், மதம் வேறுபட்ட சிலரைப் பிடியுங்கள். நன்றாகத் தெரிந்த ஒருவரைப் பற்றி அவர்கள் பேசட்டும். எந்தச் சொல்லில் பாராட்டுகிறார்கள், எந்தச் சொல்லில் குறை சொல்கிறார்கள், எங்கே "அவர் நிலைமை அப்படி" என்று நிறுத்துகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு ஏற்கனவே உள்ள கேள்விகளை எடுத்து ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டுங்கள். எண் கேட்கும் முன் "இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன நினைவு வந்தது?" என்று கேளுங்கள். ஒருவருக்குக் கோயிலும் இன்னொருவருக்கு அலுவலகமும் நினைவு வந்தால், அந்தக் கேள்வி இருவரிடமும் ஒரே விஷயத்தை அளக்கவில்லை. புள்ளியியல் சோதனையும் செய்யத்தான் வேண்டும்: தமிழருக்கும் மலாய்க்காரருக்கும் சராசரியை ஒப்பிடும் முன், அளவுகோல் இருவரிடமும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறதா என்று பாருங்கள். அந்தச் சோதனை தேறாவிட்டால் சராசரிகளை ஒப்பிடவே கூடாது. மேற்பார்வையாளர் அவசரப்படுத்தினாலும் இதை விடாதீர்கள்.

ஆட்கள் சொன்னதை அவர்கள் பேச்சிலேயே எழுதி, பெயர் நீக்கி, கட்டுரையின் பின்னிணைப்பில் முழுசாகச் சேருங்கள். அடுத்து வரும் மாணவர் அங்கிருந்து தொடங்கிக்கொள்ளலாம்.